கடைசிப் பந்தியில் ஒரு இலை

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாரும் பன்னீர் தெளித்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர் பென்ஷனோடு ஊருக்கு வந்து இறங்கிய நாள் முதல் எனக்கு வயிற்றெரிச்சல்தான். சீரகத் தண்ணீரும் மோரும் குடித்துப் பார்த்தேன். அது அந்த வகை எரிச்சல் இல்லை.

ஊரில் அவரைச் சுபேதார் என்பார்கள். துப்பாக்கி தூக்கிய சுபேதார் இல்லை. பட்டாளத்தில் சப்ளைப் பிரிவில் இருந்தவர். அரிசி, கோதுமை மாவு, பருப்பு, மண்ணெண்ணெய், கம்பளி, கோவேறு கழுதைக்குக் கொள்ளு, இதெல்லாம் எந்த மலையில் எந்த முகாமுக்கு எந்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று பார்த்துப் பிரித்து அனுப்புகிற உத்தியோகம். "மூட்டை தூக்குன சுபேதாரு" என்று நான்தான் முதலில் சொல்லிப் பார்த்தேன். கடையில் நின்ற நாலு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

திருமயம் கடைவீதியில் எனக்கு மளிகைக்கடை. சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த அந்த நாற்பத்தெட்டாம் வருஷம் அப்பாவுக்குப் பிறகு நான் கல்லாவில் உட்கார்ந்தேன். சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்றாலும் பந்திக்கான சாமான் பட்டியலை நான்தான் போட வேண்டும். அப்பாவுக்கு இருந்த மரியாதை அது, அப்படியே எனக்கு வந்தது. கல்யாண வீட்டார் பாய் விரித்து, வெற்றிலைத் தட்டை முன்னால் நகர்த்தி, காகிதத்தையும் பென்சிலையும் நீட்டுவார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் 'மஞ்சள்' என்று எழுதுவேன். அதுவரை வீட்டுப் பெண்கள்கூடப் பேச மாட்டார்கள். கல்யாணத்தன்று முதல் பந்தியில் முதல் இலை எனக்கு. பெரிய படிப்பும் நிலபுலனும் இல்லாத எனக்கு ஊரில் இருந்த ஒரே உயரம் அந்தப் பாய்தான்.

சுபேதார் வந்த வருஷமே அந்தப் பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கோட்டைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பெண் கல்யாணம். பெண்ணின் தகப்பனாருக்கு அவர் ஏதோ தூரத்து உறவு. நான் மஞ்சள் எழுதி, அடுத்து குங்குமம் எழுதிக்கொண்டிருந்தேன். காக்கி அரைக்கால் சட்டையும் வெள்ளை பனியனுமாக அவர் வந்தார். எங்கே போனாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், மூட்டைகளைப் பார்வையிட வந்தவரைப் போல.

"ஒரு சந்தேகம் மாப்ளே" என்றார்.

நான் அவருக்கு மாப்பிள்ளை முறையே இல்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவர், அவ்வளவுதான். பார்த்த முதல் நாளே மாப்ளே. நான் பதிலுக்கு எந்த முறையும் வைத்து அவரைக் கூப்பிடவில்லை. "சொல்லுங்க" என்றேன். அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக வெறும் "சொல்லுங்க"தான்.

"கெணத்துல தண்ணி எத்தனை ஆழம் கெடக்கு? கேட்டீங்களா?"

"தண்ணியைப் பட்டியல்ல யாருங்க எழுதுவா?"

"தண்ணி இல்லாம அரிசியை எதுல வேக வைப்பீங்க?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சுபேதார் என் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கவெல்லாம் இல்லை. வாயால் சொல்லிக்கொண்டே போனார். தண்ணீர், விறகு, தீவனம், உப்பு. அரிசி ஐந்தாவதாக வந்தது. தீவனம் என்றதும் நான் சிரித்துவிட்டேன்.

"விருந்துக்கு மாடும் வருதாங்க?"

"வராம? ஆளுக நடந்தா வாராக? முப்பது வண்டி வந்தா அறுபது மாடு. மாடு பசிச்சுக் கத்துனா வண்டிக்காரன் பந்தியில நிம்மதியா ஒக்காருவானா? பாதிச் சோத்துல எந்திரிச்சு ஓடுவான்."

பிறகு எழுந்து போய் விறகு அடுக்கைச் சுற்றி வந்தார். ஒரு கட்டையை எடுத்துத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். முகர்ந்து பார்த்தார். "இதுல பாதி ஈரம். இன்னைக்கே வெயில்ல பிரிச்சுப் போடுங்க" என்றார். அந்தக் கல்யாணத்தில் அறுபது மாட்டுக்கும் வைக்கோலும் தொட்டியில் தண்ணீரும் இருந்தன. விருந்துக்கு வந்தவர்கள் ஊரெல்லாம் போய் அதையே சொன்னார்கள். என் அப்பளத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அது காரைக்குடியிலிருந்து வரவழைத்த அப்பளம்.

அதற்குப் பிறகு பட்டியல் போடக் கூப்பிடுகிறவர்கள் "அப்படியே சுபேதாரையும் கூட்டிக்கிட்டு வந்துருங்க" என்றார்கள். கொஞ்ச நாளில் அவரைக் கூப்பிட்டுவிட்டு, "நீங்களும் வந்துருங்க" என்று என்னிடம் சொன்னார்கள். அந்த 'உம்' வந்து ஒட்டிக்கொண்ட தினத்தில் நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. எதையும் கோடியிலிருந்துதான் தொடங்குவார். கோடி என்றால் கடைசி முனை. பந்தியில் முதலில் உட்காரப்போகிறவர் யார் என்று கேட்க மாட்டார். "கடைசியா கை நனைக்கிறது யாரு?" என்பார். அது எங்கள் பக்கத்தில் யாரும் கேட்காத கேள்வி. கடைசிப் பந்திக்கென்று எங்களிடம் ஒரு வழக்கமே இருந்தது. முதல் பந்திக்கு வாளியைக் கவிழ்ப்பார்கள். மூன்றாம் நான்காம் பந்தியில் கரண்டி சுருங்கும். அதற்குப் பிறகு வருகிற மேளக்காரர், சலவைக்காரர், இலை எடுக்கிற பெண்கள், வண்டிக்காரர்களுக்குச் சாம்பாரில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிக் கலக்கி, ஒரு கை உப்பைப் போட்டு விடுவார்கள். அந்த வெந்நீரை எந்த நேரத்தில் ஊற்றினால் தெரியாது என்பது எனக்குக் கைவந்த வித்தை. அதற்காகவே என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.

சுபேதார் என்ன செய்தார் என்றால், அடுப்பிலிருந்து இறங்கிய முதல் கிடாரம் சாம்பாரையும் முதல் வடியல் சோற்றையும் தனியே எடுத்துவைத்தார். கிடாரத்தைத் தணல்மேல் இருத்தி, மூடி, வெள்ளைத் துணி போட்டுக் கட்டினார். அந்த முடிச்சை அவரைத் தவிர வேறு யாராலும் அவிழ்க்க முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா பசியில் இருந்தார். நேரே சமையல் பந்தலுக்கு வந்து, கட்டி வைத்த கிடாரத்தைக் காட்டி, "அதைப் பிரிங்க, மொதக் கிடாரம் எங்களுக்குத்தானே?" என்றார். எங்கள் வழக்கப்படி அவர் கேட்டது நியாயம். சம்பந்திக்கு முதல் கிடாரத்தைத் தராவிட்டால் கல்யாணமே நின்றுபோகும். எனக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது. தொலைந்தார் மனுஷர் என்று நினைத்தேன்.

"ஒங்களுக்கு ரெண்டாவது கிடாரம், சுடச்சுட எறங்குது. இது கோடியில இருக்கவுகளுக்கு" என்றார் சுபேதார்.

"யாருய்யா அது கோடி?"

"ஒங்களைக் கொண்டாந்து விட்ட வண்டிக்காரன். ஒங்க முன்னாடி ஊதிக்கிட்டு வந்த மேளக்காரரு. ஒங்க எலையை எடுக்கப்போற ஆத்தா. அவுக சாப்பிடுறப்ப நீங்க தூங்கிக்கிட்டு இருப்பீங்க. அப்ப ஒங்களை எழுப்பிக் கேக்க முடியாதுல்ல?"

பெரியப்பா வெளியே வண்டிகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இந்த வேலை தெரிஞ்ச மனுசன் யாரு, நம்ம ஊட்டு விசேசத்துக்கும் இவரையே சொல்லுங்க" என்று தன் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போய் இரண்டாவது கிடாரத்துக்குக் காத்திருந்தார். தேன் குடித்த எனக்கு அதே வாயில் வேப்பெண்ணெய்.

அன்று அவரிடம் சிடுசிடுப்பாகவே கேட்டேன், இந்தக் கோடிப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று.

"பட்டாளத்துல கோடிப் போஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கும் மாப்ளே. ரோடு முடிஞ்சு, கழுதைத் தடமும் முடிஞ்சு, மனுசன் முதுகுல தூக்கிக்கிட்டுப் போற எடம். அவனுக்கு மொதல்ல எடுத்து வச்சிட்டுத்தான் மத்தவனுக்குப் பிரிப்போம். கிட்டத்துல இருக்கவன் சத்தம் போட்டு வாங்கிக்கிருவான். கோடியில இருக்கவன் போடுற சத்தம் நமக்குக் கேக்காது."

நல்ல பேச்சுதான். அதனாலேயே எனக்கு இன்னும் பிடிக்காமல் போனது.

நான் ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டேன். அவர் பார்த்துச் செய்கிற பந்தியில் ஒரு பருக்கை வாயில் வைப்பதில்லை. ஆனால் போகாமலும் இருக்க முடியாது. என்றாவது ஒருநாள் சோறு குறையும், அதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகவே காலையிலிருந்து கடைசி இலை எடுக்கிற வரை பந்தல் காலோடு சாய்ந்து நிற்பேன். அவரும் கடைசிப் பந்தியில், இலை எடுக்கிற பெண்களோடு ஒரே வரிசையில்தான் உட்காருவார். ஐந்தே நிமிஷம், சாப்பிட்டு எழுந்துவிடுவார். எழுந்தவர் பந்திப் பாயில் விரித்தபடியே கிடக்கிற ஒரு வெற்று இலையை எடுத்து மடித்துக்கொண்டே என் பக்கமாக வருவார்.

"ஒரு எலை மிஞ்சிருச்சு மாப்ளே" என்பார்.

ஒவ்வொரு தடவையும் ஒரு இலை. எத்தனை நூறு பேர் வந்தாலும் சரி, கடைசியில் ஒரு இலையும் ஒரு ஆள் சோறும் மிஞ்சும். எனக்கு அது போதும். கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னேன். "பெரிய பட்டாளத்துக் கணிப்பு! ஒரு பந்தியாவது சரியா வந்திருக்கா பாருங்க. எப்பவும் ஒண்ணு தப்பு." சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவேன்.

ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே என் வீட்டுக்காரி கேட்டாள். "ஏங்க, அந்த ஒத்தை எலை யாரு எலைன்னு ஒங்களுக்கு நெசமாவே வெளங்கலையா?"

"யாருது?"

"கல்யாண வீட்டுல பட்டினி கெடந்து, இங்க வந்து பழசு திங்கிற ஆளு ஊர்ல வேற யாரு இருக்கா?"

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் பாசம் பொங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். கோபம்தான் பொங்கியது. என்னையும் அவர் கோடியில் வைத்துவிட்டார். முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்த ஆளை வண்டிக்காரனோடும் மேளக்காரரோடும் சேர்த்துவிட்டார். அந்த ஆத்திரத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவில் அன்னதானம். சுபேதார்தான் முன்னால் நின்று செய்தார். அதற்கு முந்தின நாள் சந்தை. நான் கடையில் சாமான் வாங்கினவர்களிடமும் வாங்காதவர்களிடமும், "நாளைக்கு எல்லாரும் வாங்க, ஊர் பேரு பாக்குறதில்லையாம், எல்லாருக்கும் சாப்பாடாம்" என்று சொல்லி விட்டேன். பஸ்ஸில் ஏறியவரிடம்கூட ஜன்னல் வழியாகச் சொன்னேன்.

மறுநாள் இரண்டாம் பந்தி முடியும்போது கண்மாய்க்கரையில் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. வந்துகொண்டே இருந்தார்கள். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, கிழவிகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சுபேதார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையையே பார்த்தார். அப்புறம் திரும்பிப் பந்தல் காலோடு நின்ற என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"எத்தனை பேருக்குச் சொன்னீங்க மாப்ளே?"

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் தானாகத் திறந்துகொண்டது. "எரநூறு இருக்கும்."

"குறைச்சுச் சொல்லலையே?"

"எரநூத்தம்பது."

"சரி. ஒங்க கடையில அரிசி கெடக்குமே, வண்டியைப் பூட்டிக்கிட்டுப் போயி எடுத்துட்டு வந்துருங்க. பாசிப்பருப்பும் சேத்து எடுங்க, அது சீக்கிரம் வேகும். நீங்க வார வரைக்கும் வந்தவுகளுக்கு நீர்மோர் குடுத்து நெழல்ல ஒக்கார வச்சிருக்கேன்."

நான் போனேன். என் கையாலேயே மூட்டையை ஏற்றி, என் கையாலேயே இறக்கினேன். அவர் விட்டபாடில்லை. "இங்கிட்டு வாங்க மாப்ளே, இந்த அண்டாவைப் பிடிங்க" என்று அடுப்படியிலும் நிறுத்திவைத்தார். பசியோடு வந்தவர்கள் எல்லாரும் பொங்கலும் சாம்பாருமாகச் சாப்பிட்டார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் மடித்த இலையோடு வந்தார். "ஒண்ணு மிஞ்சிருச்சு மாப்ளே" என்றார். நான் செய்ததை அவர் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மற்றவர்களிடம், "கடைக்காரரு இல்லைன்னா இன்னைக்கு மானம் போயிருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். என்னைக் கொல்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

சீனாக்காரன் சண்டை வந்தபோது அவருக்குத் தந்தி வந்தது. பென்ஷன் வாங்கினவர்களில் சிலரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மலையில் சாமான் அனுப்பத் தெரிந்த ஆட்கள் போதவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பஸ் ஏறுகிற அன்று கடைக்கு வந்தார். தகரப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"வாரேன் மாப்ளே. தை மாசம் முகூர்த்தம் நெறைய கெடக்கு. பாத்துக்கங்க."

"ம்" என்றேன்.

பஸ் புறப்பட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதினால் நீங்கள் என்னை மனிதனாக மதிக்க மாட்டீர்கள். பாய் மறுபடியும் எனக்கே. அந்தத் தையில் முதல் பட்டியல். தொண்டையைச் செருமி, பிள்ளையார் சுழி போட்டு, 'மஞ்சள்' என்று அழுத்தி எழுதினேன். வீட்டுக்காரர் பவ்யமாகக் கேட்டார், "மாட்டுக்கு எம்புட்டு வைக்கல் போடணும்னு சுபேதாரு சொல்லுவாருங்க?" அவர் சம்சாரம் கதவுக்குப் பின்னாலிருந்து, "கோடிக்கு மொதக் கிடாரம் எடுத்து வைக்கணும்ல?" என்றாள். ஆள் இமயமலையில் இருக்கிறார். ஆனாலும் பட்டியல் அவர்தான் போடுகிறார். நான் பென்சிலை வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு வருஷத்துக்குமேல் கழித்துத் திரும்பி வந்தார். பனியில் வலது கால் விரல்கள் போய்விட்டன. ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார். காக்கி அரைக்கால் சட்டையைக் காணோம், வேட்டிதான். பட்டியலுக்குக் கூப்பிட வந்தவர்களை எல்லாம், "மாப்ளைகிட்டப் போங்க. அவரு நல்லாச் செய்வாரு" என்று திருப்பி அனுப்பினார். எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. போனாலும் மொய் எழுதிவிட்டுப் பந்தி ஆரம்பிக்கிற முன்பே திரும்பிவிடுவார். நான் இத்தனை வருஷம் ஆசைப்பட்டது அப்படியே என் மடியில் வந்து விழுந்தது. அவர் வேண்டாம் என்று எறிந்ததுதான் எனக்குக் கிடைத்ததா என்று அதற்கும் எனக்கு எரிந்தது.

மறு வருஷம் என் மூத்த மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பத்திரிகை வைக்க அவர் வீட்டுக்குப் போனேன். வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நான் போனது பத்திரிகைக்காக மட்டும் இல்லை. மனுஷர் எதனால் ஒடுங்கிப்போனார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும் என்ற நினைப்பு.

"என்ன இப்பல்லாம் பந்திப் பக்கமே வாரதில்லையாம்? கணிப்புத் தப்பிப்போகும்னு பயமா?" என்றேன். விளையாட்டாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

அவர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தப்பிப்போச்சு மாப்ளே" என்றார். "கோடிப் போஸ்ட்டுல பதினேழு பேரு. அவுகளுக்குன்னு மொதல்லயே எடுத்து வச்சிட்டேன். மாவு, சர்க்கரை, மண்ணெண்ணெய், காலுக்குக் கம்பளி உறை. மூட்டையில பேரெல்லாம் எழுதி வச்சிருந்தேன். பனி எறங்கிருச்சு. தடம் அடைச்சுப் போச்சு. கழுதை ஏறமாட்டேன்னு படுத்துருச்சு. நானும் ரெண்டு பேரும் முதுகுல தூக்கிக்கிட்டுப் போனோம், பாதித் தூரம்கூடப் போக முடியலை. கீழ எறங்குன்னு உத்தரவு வந்துருச்சு. மொதல்ல எடுத்து வச்சேன் மாப்ளே, எல்லாருக்கும் மொதல்ல. ஆனா மூட்டை என்கிட்டயேதான் கெடந்துச்சு."

"அவுக?"

"வரலை."

உள்ளே அவர் சம்சாரம் அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். அரைக்கிற சத்தம் நின்று, மறுபடியும் கேட்டது.

"இப்பப் பந்தியில போயி ஒக்காந்தா, எலையைப் பாத்தா, அந்த மூட்டைதான் தெரியுது. அதான் வாரதில்லை. ஒங்க மக கல்யாணத்துக்கு வருவேன். சாப்பிடச் சொல்லாதீங்க."

இத்தனை வருஷமும் நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். ஒரே ஒரு தடவை இவருக்குக் குறைய வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். என் வேண்டுதலை எந்தச் சாமி கேட்டதோ, எங்கே கொண்டுபோய் நிறைவேற்றியதோ தெரியவில்லை. தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்து மடித்தேன். வாயில் போட முடியவில்லை. அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் என் மகள் கல்யாணத்துக்குப் பட்டியல் போட உட்கார்ந்தேன். பிள்ளையார் சுழிக்குக் கீழே மஞ்சள் என்று எழுதினேன், அதை நான் விடுவதாக இல்லை. அதற்குக் கீழே தண்ணீர் என்று எழுதினேன். பிறகு விறகு, தீவனம், உப்பு. எட்டிப் பார்த்த வீட்டுக்காரி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் காகிதத்தைக் கிழித்திருப்பேன்.

கல்யாணத்தன்று முதல் கிடாரத்தை நானே தணல்மேல் இருத்தித் துணி போட்டுக் கட்டினேன். அவருடைய முடிச்சு எனக்கு வராது, என் கடை மூட்டை முடிச்சுதான் போட்டேன். சம்பந்தி வீட்டில் ஒருவர் முறைத்தார். "ரெண்டாவது கிடாரம் எறங்குதுங்க" என்றேன். முதல் பந்தியில் என்னை உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

கடைசிப் பந்திக்கு மேளக்காரர்களும் வண்டிக்காரர்களும் இலை எடுக்கிற பெண்களும் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். கோடியில் இரண்டு இலை போட்டுவிட்டு அவரைத் தேடிப் போனேன். வெளியே வண்டிகள் நின்ற இடத்தில் இருந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மாட்டுக்கும் முன்னால் வைக்கோல் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் போட்டாச்சு" என்றேன்.

"பாத்தேன். தொட்டியிலயும் தண்ணி கெடக்கு."

"மச்சான், எலை போட்டுருக்கு. வாங்க."

அவரை நான் முறை வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்த்தார்.

"சாப்பிடச் சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல மாப்ளே?"

"நானும் காலையில இருந்து பட்டினிதான். நீங்க ஒக்காராம நான் ஒக்கார மாட்டேன். ரெண்டு எலை மிஞ்சிரும், பாத்துக்கங்க."

கடைசி மாட்டுக்கு முன்னால் சிதறிக் கிடந்த வைக்கோலைக் கம்பால் தள்ளிவிட்டார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். விரல் இல்லாத காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்தார். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிற மனுஷர் இலையைப் பார்த்தபடியே இருந்தார். பரிமாறுகிறவன் மோர் வாளியோடு வந்து நின்று திரும்பிப் போனான். நானும் கை வைக்காமல் இருந்தேன். கடைசியில் ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தார்.

"தண்ணி ஊத்தலையே" என்றார்.

"மொதக் கிடாரம்" என்றேன்.

அப்புறம் சாப்பிட்டார். இலை எடுக்கிற பெண்கள் கை கழுவிவிட்டு வந்து நின்ற பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல வருஷத்துக்குப் பிறகு கல்யாண வீட்டில் நானும் வயிறாரச் சாப்பிட்டேன்.

எழுந்து கை கழுவும்போது மூத்த மேளக்காரர் பந்திப் பாயைத் திரும்பிப் பார்த்தார். விரித்த இலை ஒன்றுகூட மிச்சம் இல்லை. பானையில் சோறும் சரியாகத் தீர்ந்திருந்தது. "எம்புட்டுச் சரியா வந்துருக்கு பாருங்க" என்று எல்லாருக்கும் கேட்கிறாற்போலச் சொன்னார். "சுபேதாரு போட்ட பட்டியல்னா சும்மாவா?"

சுபேதார் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். என் மகள் கல்யாணம், என் பட்டியல், நான் கட்டிய கிடாரம், என் வாழ்நாளில் சரியாக வந்த ஒரே பந்தி. நான் முந்திக்கொண்டேன்.

"ஆமா, அவரு போட்டதுதான்" என்றேன்.

சொல்லி முடிக்கும் முன்பே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்னும் எரிகிறது.